இயங்குதளத்தைப் பெயர்த்தெழுதுதல்

அச்சுப்பொறி நம் நாட்டிற் பரவுதற்குமுன் தமிழ்நூல்கள் பனையோலையிலேயே வாழ்ந்து வந்தன. ஓலைக்கும் ஆயுள் உண்டு. செல்லும் ஈரமும் அதனை அழிக்குமுன் நூலை வேறோர் ஓலையிற் பெயர்த்தெழுதி வைத்தலே அதனைக் காப்பதற்கு இருந்த வழி. அங்ஙனம் எழுதியபின் பழைய ஏட்டை ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கமும் சிலவிடங்களில் இருந்தது. புதிய ஏடு பிழையற்றதாயின் கேடொன்றுமில்லை. எழுதினோன் அயர்ந்து ஓரடியைத் தாண்டிச் சென்றிருப்பின், அவ்வடி ஆற்றோடு போயினதேயாம்.

ஈண்டு யான் கூறப்புகுந்தது ஓலையைப் பற்றியதன்று. நம் மேசைமேலிருக்கும் கணினியைப் பற்றியது. ஆயினும் வேலை ஏறக்குறைய ஒன்றே. ஹார்ட் டிஸ்க் என வழங்கும் பழைய வன்தட்டிலுள்ள இயங்குதளத்தை, அதனோடு சேர்ந்த கோப்புகளுடன், எஸ். எஸ். டி. என்னும் புதிய திண்மநிலைச் சேமிப்பானுக்கு மாற்றுதல் இக்காலத்து மாணவர் பலரும் தம் கையாலேயே செய்துகொள்ளும் காரியமாய்விட்டது. கடைக்காரர் இதனை அரைமணி வேலை என்பர். அரைமணியில் முடிவதும் உண்டு. முடியாதபோது நேர்வது யாதென்பதை எம் தமிழ்த்துறைக் கணினியே எமக்குக் கற்பித்தது.

முதலில், இவ்வளவு பாடு எதற்கென்று சிலர் வினவலாம். வன்தட்டென்பது சுழலும் தட்டு. 1956ஆம் ஆண்டில் ஐ. பி. எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வன்தட்டு யந்திரத்தில் 24 அங்குலக் குறுக்களவுள்ள தட்டுகள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துக்களையே தாங்கின. இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டு அதனினும் லட்சம் மடங்கு கொள்ளும். ஆயினும் அடிப்படைத் தொழில் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுழன்றுகொண்டிருக்க, அதன்மேல் ஒரு கை முன்னும் பின்னும் நகர்ந்து வேண்டிய இடத்தைத் தேடிப் படிக்கின்றது. நிமிஷத்திற்கு 7200 முறை சுழலும் தட்டு ஒருமுறை சுழல 8.3 மில்லிசெகண்டு ஆகும். வேண்டிய இடம் கையின் முனைக்கீழ் வந்து சேரச் சராசரியாக அதிற் பாதி. கை நகர்வதற்கு மேலும் எட்டு ஒன்பது மில்லிசெகண்டு. ஆதலின், சிதறிக் கிடக்கும் செய்திகளை எடுக்க வேண்டுமாயின் அது செகண்டிற்கு ஏறக்குறைய 80 இடங்களுக்கே சென்று வரவல்லது. கணினி விழித்தெழும்போது அதற்கு வேண்டுவனவோ அத்தகைய சிறு செய்திகள் பல்லாயிரம். தட்டு சுழலும் ஓசை கேட்க, நாம் திரையை நோக்கிக் கைகட்டி இருத்தலின் காரணம் இதுவே.

எஸ். எஸ். டி.யிற் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா என்னும் ஜப்பானியப் பொறியாளர் வகுத்த ஃபிளாஷ் நினைவகமே அதற்கு அடிப்படை. அவர் 1984இல் அதன் ஒருவகையையும், 1987இல் நாண்ட் என்னும் மற்றொரு வகையையும் அறிவித்தார். பின்னதே இன்று நாம் வாங்குவது. செய்திகள் ஒருசேர அழிக்கப்படும் விதம் புகைப்படக் கருவியின் மின்னொளியைப் போன்றிருந்தமையின் அவருடன் பணியாற்றியவர் ஒருவர் ஃபிளாஷ் என்னும் பெயரைச் சொன்னாராம். மின்காப்புச் சுவருக்குள் எலெக்ட்ரான்களை அடைத்து வைத்தலே இதில் எழுதுதல். அடைபட்டவை உளவா இலவா, எவ்வளவு உள என்று அளந்தறிதலே படித்தல். எவ்விடத்துச் செய்தியாயினும் ஒரு மில்லிசெகண்டிற் பத்திலொரு பங்கிற்குள் கைக்கு வந்துவிடும். தட்டின் வேகத்தோடு இதனை ஒப்பிடின் நூறு மடங்கிற்குமேல் ஆகும். ஆதலாற்றான் கணினியின் மூளையையும் நினைவகத்தையும் தொடாமல், தட்டை மட்டும் மாற்றியவுடன் பத்தாண்டுப் பழைய யந்திரமும் இளமை பெற்றாற்போல் எழுகின்றது. எல்லாம் விரைவுபடும் என்று எண்ணுதலும் தவறு. இணையத்தின் மந்தம் இணையத்தின் மந்தமே, எஸ். எஸ். டி. அதற்கு மருந்தன்று.

நிற்க. எம் துறைக் கணினி 2014ஆம் ஆண்டில் வாங்கியது. 500 ஜிகாபைட் வன்தட்டுள்ளது. காலையில் விசையை அழுத்திவிட்டு ஜெபத்திற்குச் சென்று திரும்பினால் அது வேலைக்கு ஆயத்தமாய் இருக்கும், அதற்குமுன் இராது. அதனுள் வினாத்தாள்களும் வருகைப் பட்டியல்களும் இருந்தன. அவை போனால் மீண்டும் செய்துகொள்ளலாம். மீண்டும் செய்ய இயலாதது ஒன்றும் இருந்தது. 2009ஆம் ஆண்டில் முதுகலை மாணவர் சிலர் கிராமங்களுக்குச் சென்று, முதியோர் வாயிலாய்க் கேட்டு ஒலிப்பதிவு செய்து வந்த தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டுமே அது. பழைய கணினியினின்று இக்கணினிக்கு அவற்றை மாற்றியவர் வேறு படி எடுத்து வைக்கவில்லை. அச்செய்தி அப்போது எம்மில் ஒருவர் நினைவிலும் இல்லை.

2021ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் 480 ஜிகாபைட் கொண்ட எஸ். எஸ். டி. ஒன்றை வாங்கி, கணினியில் இரண்டாம் தட்டாக இணைத்தோம். பழைய தட்டிற் கண்ட கோப்புறைகளையெல்லாம் தேர்ந்து புதியதில் இடத்தொடங்கினோம். சில கோப்புகள் தாம் பயன்பாட்டில் உள்ளமையாற் பெயர்தல் இயலாதென்று கூறின. அவற்றை விடுத்து மேற்சென்றோம். கோப்பொன்று படிக்க இயலவில்லையென்று ஓர் அறிவிப்பும் இடையில் தோன்றிற்று. அதனையும் மற்றவற்றோடு ஒன்றாக எண்ணித் தள்ளிவிட்டோம். பின் பழைய தட்டைக் கழற்றிவிட்டு விசையை அழுத்தினோம். துவக்குதற்குரிய சாதனம் இல்லையென்று கருந்திரையில் ஒரு வரி மட்டும் தோன்றிற்று.

இது நேர்ந்த காரணத்தை அறிந்துகொள்ளுதலே இவ்வேலை முழுவதற்கும் திறவுகோலாம். மின்சாரம் வந்தவுடன் கணினிக்கு விண்டோஸ் என்பதும் தெரியாது, லினக்ஸ் என்பதும் தெரியாது. தாய்ப்பலகையிற் பதிந்துள்ள ஒரு சிறு நிரலே முதலில் எழும். பழைய முறைப்படி அது தட்டின் முதற் செக்டரிலுள்ள 512 பைட்டுகளைப் படிக்கும். 1983 முதல் வழங்கிவரும் ஏற்பாடு இது. அவற்றுள் 446 பைட்டுகள் துவக்க நிரலுக்கு உரியன. 64 பைட்டுகள் தட்டு எவ்வாறு பகுக்கப்பட்டுளது என்னும் அட்டவணைக்கு உரியன. எஞ்சிய 2 பைட்டுகள் இது மெய்யான துவக்கச் செக்டரே என்பதற்கு முத்திரை. அந்நிரல் அட்டவணையைப் பார்த்துத் துவக்கப் பகுதியைத் தேடும். அப்பகுதியின் தலைப்பிலுள்ள நிரல் மற்றொன்றை எழுப்பும். அது இயங்குதளத்தின் கருவை எழுப்பும். வரிசையாய்க் கைகொடுத்து எழுப்பும் இவர்களுள் ஒருவர் இல்லையாயினும் பின்னவர் எழார். அந்த 512 பைட்டுகளோ எந்தக் கோப்புறையைத் திறந்தாலும் கோப்பாகக் கண்ணிற்படுவன அல்ல. வீட்டுச் சாமான்களையெல்லாம் வண்டியேற்றிப் புதுவீட்டிற் சேர்த்துவிட்டோம்; வாயிற்கதவைச் சாமானென்று எண்ணாமையால் அதனை விட்டுவந்தோம்.

இக்காலத்துக் கணினிகளில் யு. இ. எஃப். ஐ. என்னும் புதிய முறை வழங்குகின்றது. 2005ஆம் ஆண்டில் அதற்கென ஒரு கூட்டமைப்பு ஏற்பட்டது. அம்முறையில் துவக்க நிரல் தனியே ஒரு சிறு பகுதியிற் கோப்பாகவே இருக்கும். ஆயினும் சாதாரணமாய் அப்பகுதி கண்ணுக்குத் தோன்றாதபடி மறைக்கப்பட்டிருக்கும். ஆதலின் அறியாதார் அதனையும் விட்டுவிடுதல் எளிது. பழைய முறையிலமைந்த தட்டைப் படியெடுத்துப் புதிய முறையை மட்டும் அறிந்த கணினியில் மாட்டினும் அது எழாது. எம்முறையில் நம் கணினி துவங்குகின்றதென்று முன்னரே பார்த்துக்கொள்ளல் நலம்.

ஆகவே வேண்டுவது கோப்புகளைப் பெயர்த்தலன்று. தட்டையே முதலிலிருந்து ஈறுவரை, பகுதி பகுதியாக, கண்ணுக்குத் தோன்றாதனவும் அடங்கப் படியெடுத்தல். இதற்கென மென்பொருள்கள் பல உள. தைவான் நாட்டு உயர்திறன் கணிப்பு மையத்தார் உருவாக்கிய குளோன்ஜில்லா இலவசமாய்க் கிடைப்பது. பென்டிரைவிலிருந்தே அது இயங்குதலின், பழைய இயங்குதளம் உறங்கும்போதே அதனைப் படியெடுக்கலாம். எக்கோப்பும் பயன்பாட்டிலிருக்கிறேன் என்று மறுக்காது. ஆனால் மூலப்பகுதியினும் இலக்குப்பகுதி சிறிதாயிருத்தலை அது ஒப்பாது. எமக்கோ 500இலிருந்து 480க்குச் செல்ல வேண்டியிருந்தது. தட்டில் நிறைந்திருந்தது 200 ஜிகாபைட் அளவே. எனினும் பகுதியின் எல்லை தட்டின் கடைசிவரை நீண்டிருந்தது. ஆதலின் விண்டோஸிலுள்ள தட்டு மேலாண்மைக் கருவியால் முதலில் அவ்வெல்லையைச் சுருக்கிக்கொண்டோம். இயன்றவர் பழையதினும் பெரிய எஸ். எஸ். டி.யை வாங்கிவிடின் இத்தொல்லை இல்லை.

மூலம் எது, இலக்கு எது என்று மென்பொருள் வினவுமிடமே இவ்வேலையில் மிக அஞ்சத்தக்கது. மாற்றிச் சொன்னால் வெறுந்தட்டின் வெறுமை நிறைந்த தட்டின்மேல் எழுதப்படும். திரையிலோ இரண்டும் எஸ். டி. ஏ., எஸ். டி. பி. என்று ஓரெழுத்தே வேறுபட்டு நிற்கும். எம் மாணவர் ஒருவர் விரைந்து முதலாவதை இலக்காகத் தேர்ந்து, உறுதிதானா என்னும் வினாவிற்கு விடையளிக்கக் கையை நீட்டினார். 500 என்னும் எண் இலக்கென்ற சொல்லின் அருகில் நிற்றலைக் கண்டு யான் அவர் கையைப் பற்றினேன். இரண்டு தட்டும் ஒரே அளவினவாயிருந்திருப்பின் யானும் கண்டிரேன். பின்னர் இரண்டு தட்டின் மேலும் ஒட்டியுள்ள தொடரெண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, திரையில் தோன்றியவற்றோடு ஒப்பிட்டபின்னரே மேற்சென்றோம். மின்தடைக்கு அஞ்சி அலுவலகத்து யு. பி. எஸ்.ஸையும் இரவல் பெற்றிருந்தோம். பிட்லாக்கர் என்னும் பூட்டு இடப்பட்ட மடிக்கணினியாயின், 48 இலக்கமுள்ள அதன் மீட்பு எண்ணை முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். யந்திரத்தில் நேரும் மாறுதலைக் கண்டு ஐயுற்று அப்பூட்டு எண்ணைக் கேட்கும். எண் இல்லையேல் உரியவரையும் உள்ளே விடாது.

படியெடுத்தல் பாதிக்குமேற் சென்று, தட்டின் ஓரிடத்தைப் படிக்க இயலவில்லையென்று கூறி நின்றுவிட்டது. மறுமுறையும் அவ்விடத்திலேயே நின்றது. முன்னாளில் யாம் தள்ளிவிட்ட அறிவிப்பு அப்போதுதான் நினைவிற்கு வந்தது. வன்தட்டு அழியும்போது பெரும்பாலும் ஒருசேர அழிவதில்லை. அங்கங்கே சில செக்டர்கள் கெடும். தட்டு அவற்றிற்கு மாற்றாக வைத்துள்ள உபரியிடங்களைச் சத்தமின்றிப் பயன்படுத்திக்கொள்ளும். எத்தனை இடங்கள் அவ்வாறு மாற்றப்பட்டன, எத்தனை படிக்கவியலாது நிற்கின்றன என்னும் கணக்கை ஸ்மார்ட் என்னும் பதிவேட்டில் தானே எழுதியும் வைக்கும். வேலை தொடங்குமுன் அதனை ஒருமுறை படித்துப் பார்க்க இரண்டு நிமிஷமே ஆகும். யாம் பார்க்கவில்லை.

படிக்கவியலாத இடங்களை விடுத்து மேற்செல்லும் மீட்பு முறையொன்று அம்மென்பொருளில் உண்டு. அதன்படி மூன்றாம் முறை தொடங்கி, மாலைக்குள் முடித்தோம். பழைய தட்டைக் கழற்றியபின்னரே கணினியைத் துவக்கினோம். இதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு தட்டிற்கும் பகுதிக்கும் ஓர் அடையாள எண் உளது. இயங்குதளம் தன் வீட்டை அவ்வெண்ணாலேயே அறிகின்றது. தட்டைப் படியெடுக்கும்போது எண்ணும் படியெடுக்கப்படும். ஒரே பெயருடைய இருவர் ஒரே வகுப்பில் இருந்தாற்போல் இரண்டும் ஒருங்கே இணைந்திருப்பின், விண்டோஸ் ஒன்றை ஒதுக்கிவைக்கும். லினக்ஸோ பழையதைப் புதியதென்று மயங்கித் திறத்தலும் கூடும். பழையது அருகில் இல்லாமையால் எம் கணினிக்கு அம்மயக்கம் நேரவில்லை. அரை நிமிஷத்திற்குள் எழுந்து நின்றது. மாணவர்கள் கைதட்டினர். பழைய தட்டை அழித்து வேறு கணினிக்குக் கொடுத்துவிடலாமென்று ஒருவர் கூற, யாவரும் அதற்கு இசைந்தனர்.

அன்று அதனை அழியாது தடுத்தது எம் அறிவன்று. விடுதியில் உணவுமணி அடித்துவிட்டது. மறுநாள் ஒப்புநோக்கத் தொடங்கினோம். ஏட்டை ஒருவர் படிக்க மற்றொருவர் சரிபார்ப்பது பழைய முறை. இங்கு ஒரு நிரல் ஒவ்வொரு கோப்பையும் முழுதும் படித்து, 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்கித் தரும்; கோப்பில் ஓரெழுத்து மாறினும் எண் மாறிவிடும். பழைய தட்டிலுள்ள கோப்புகளின் எண்களையும் புதியதிலுள்ளவற்றின் எண்களையும் அடுத்தடுத்து வைத்தால் வேறுபாடு தானே தோன்றும். ஏறக்குறைய யாவும் ஒத்தன. ஒரு கோப்பிற்கு மட்டும் பழைய தட்டு எண்ணே தரவில்லை. அதனைப் படிக்க அதற்கு இயலவில்லை. அது 2009ஆம் ஆண்டுத் தாலாட்டுகளுள் ஒன்று. புதிய தட்டில் அக்கோப்பு இருந்தது, திறந்தது, பாடியது. இடையில் மட்டும் ஒரு வெட்டு. கெட்டுப்போனவை நான்கிடங்கள், ஒவ்வொன்றும் 4096 பைட்டு. அவ்வொலிப்பதிவில் ஒரு செகண்டிற்கு 16,000 பைட்டு செலவாகும். எனவே இழந்தது ஒரு செகண்டுப் பாட்டு. குழந்தையை விளித்துப் பாட்டி ஏதோ ஒரு சொல்லைச் சொல்லத் தொடங்குகின்றார். சொல்லின் முதலசை கேட்கின்றது. அடுத்துக் கேட்பது அடுத்த அடி. முந்திய நாட்களில் அவ்வறிவிப்பைத் தள்ளாது அக்கோப்பை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்க முயன்றிருப்பின் ஒருகால் கிடைத்திருக்கும். பின்னர் முயன்றோம்; அவ்விடங்கள் விடை தரவில்லை.

இதனால் யாம் எம் வேலைமுறையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டோம். இப்போது எக்கணினியைத் தொடினும், மீண்டும் பெறவியலாதன எவையென்று உரியவரைக் கேட்டு, அவற்றை மட்டும் வேறோர் இடத்தில் முதலிற் சேர்க்கின்றோம். பின்னரே தட்டின் உடல்நிலையைப் பார்த்து, இயங்குதளத்தைப் பற்றி எண்ணுகின்றோம். இயங்குதளம் போனால் மற்றொன்றை நிறுவிக்கொள்ளலாம். உண்மையில் பல சமயங்களில் புதிதாய் நிறுவுதலே மேல் என்பது என் அபிப்பிராயம். தட்டு கெடத் தொடங்கியிருப்பின் அதன் கேட்டையும் படியெடுத்துக்கொள்ளுதல் எதற்கு? 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10இற்குப் பொதுவாக அளிக்கப்பட்டுவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன. விண்டோஸ் 11ஓ டி. பி. எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பில்லாத பழைய யந்திரங்களை ஏற்பதில்லை. அத்தகைய கணினிக்கு எஸ். எஸ். டி. வாங்குவோர் பழைய இயங்குதளத்தைப் பெயர்த்தெழுதுவதைவிட லினக்ஸ் நிறுவிக்கொள்ளுதல் நன்று. யாமும் இப்போது அவ்வாறே செய்துள்ளோம்.

புதிய தட்டிற் குடியேறியபின் செய்வன சிலவே. எஸ். எஸ். டி. சிலேட்டைப் போன்றது, ஆயினும் அதில் ஓரெழுத்தை மட்டும் துடைத்து அவ்விடத்திலேயே எழுத இயலாது. எழுதுவது சிறு பக்கமாக, துடைப்பது பெரும் பலகையாக. எவ்விடங்கள் இனி வேண்டாதன என்று இயங்குதளம் அதற்கு அவ்வப்போது சொல்லிவர வேண்டும். டிரிம் என்னும் கட்டளை அதற்கு உரியது. அது நடைபெறுகின்றதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம். வன்தட்டிற்குச் செய்துவந்த துண்டு சேர்க்கும் வேலை இதற்கு வேண்டா. எழுத எழுதத் தேயும் பொருளை வீணே தேய்த்தலாகும். அலமாரியில் நெடுங்காலம் மின்சாரமின்றி வைத்தற்கும் இது ஏற்றதன்று. அடைபட்ட எலெக்ட்ரான்கள் மெல்லக் கசியும். தம் ஆயுளளவு எழுதித் தேய்ந்த சாதாரண எஸ். எஸ். டி. 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு செய்தியைத் தாங்கினாற் போதுமென்பதே ஜெடெக் என்னும் தர அமைப்பாரின் விதி. நம்மூர் அறைகளின் வெப்பத்தை யான் சொல்ல வேண்டுவதில்லை.

பழைய வன்தட்டு, தொடரெண்ணும் தேதியும் எழுதிய உறையில், துறை அலமாரியில் இருக்கின்றது. ஒலிப்பதிவுகளுக்கு இப்போது மூன்று படிகள் உள, ஒன்று நூலகத்தில். அத்தாலாட்டைப் பாடிய பாட்டியார் காலமாகிவிட்டனர். அவ்வூரில் விசாரித்ததில் அப்பாட்டை அவர் பாடியவாறு பாடுவோர் இலர். 2009ஆம் ஆண்டில் அக்குழுவிற் சென்ற பழைய மாணவர்கள் இவ்விதழைக் காண்பாராயின், தம் பழைய பென்டிரைவிலோ குறுந்தகட்டிலோ கைப்பேசி நினைவட்டையிலோ அப்பாட்டின் வேறு படி உளதாவென்று தேடிப் பார்க்குமாறு வேண்டுகின்றேன். ஒலிப்பதிவு இல்லையாயினும், அன்று கேட்டெழுதிய கைந்நோட்டு எவரிடத்தேனும் இருப்பின் அதுவும் போதும். அச்சொல் பாட்டின் நடுவில், ஏறக்குறைய இரண்டாம் நிமிஷத்தில் வருகின்றது.